ரீட்: ஒரு வினைச்சொல்லின் பூர்வீகம்

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய நாட்களில் என்னை மிகவும் தொல்லைப்படுத்திய சொற்களில் ஒன்று 'ரீட்'. ஆறாம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும். என் முறை வந்தபோது, நேற்று ஒரு கதை படித்ததாக ஒரு சிறுவன் சொல்லும் வாக்கியம் அகப்பட்டது. நான் 'ரீட்' என்றே உச்சரித்தேன். ஆசிரியர் நிறுத்தினார். "இன்னிக்குப் படிச்சா ரீட், நேத்து படிச்சா ரெட்" என்றார். "எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதானே சார், எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன். "முன்னே பின்னே பார்த்து நீயே ஊகிச்சுக்கோ" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

பதில் தெரியாமல் மழுப்புகிறார் என்று அன்று நினைத்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு சொற்பிறப்பு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சொல்லின் பதிவில் கண் நிலைத்தது. ஊகித்தல் என்பது அந்த வினைச்சொல்லின் ஆதிப் பொருள்களில் ஒன்று. ஆசிரியர் தம்மை அறியாமலே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

*

ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை வழங்கியதைப் பழைய ஆங்கிலம் என்கிறார்கள். அதில் இச்சொல்லின் வடிவம் 'ரேடன்'. ஆலோசனை சொல்லுதல், கலந்து முடிவெடுத்தல், ஆளுதல், ஊகித்தல், கனவுக்குப் பலன் சொல்லுதல், புதிரை அவிழ்த்தல் என்று அதற்குப் பல பொருள்கள் உண்டு. எழுதியதைப் படித்தல் என்பது இவற்றுக்கு நடுவே ஒன்று. வரிசையில் பிந்தி வந்து சேர்ந்தது.

ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு 'ராட்டென்' என்ற வடிவில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆலோசனை கூறு, ஊகி என்பவையே அதன் பொருள். நகரசபைக் கட்டடத்தை 'ராட்ஹவுஸ்' என்கிறார்கள்: ஆலோசனை வீடு. புதிரை 'ரேட்ஸெல்' என்கிறார்கள். ஆனால் ஒரு ஜெர்மானியர் புத்தகம் படிப்பதைச் சொல்ல இந்தச் சொல்லை எடுப்பதில்லை. அதற்கு அவரிடம் 'லேஸன்' என்ற வேறொரு வினை இருக்கிறது. அதன் மூலப் பொருள் பொறுக்கிச் சேர்த்தல். திராட்சை அறுவடைக்கு அங்கே 'வைன்லேஸெ' என்று பெயர். கொடியிலிருந்து பழம் பொறுக்குவதற்கும் பக்கத்திலிருந்து எழுத்துப் பொறுக்குவதற்கும் ஒரே வினை. லத்தீனின் 'லெகெரே'யும் அப்படித்தான்: திரட்டு, தேர்ந்தெடு, படி என்று மூன்று பொருள். ஃப்ரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் படிப்பதற்கு வைத்திருக்கும் சொற்கள் அதன் வழிவந்தவை. கிரேக்கர்களுக்கோ படித்தல் என்பது மீண்டும் அறிந்துகொள்ளுதல். நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளைப் பெயர்த்த கோத்திக் மொழியில், பாடுவதற்கான சொல்லே படிப்பதற்கும் பயன்பட்டது.

நம்முடைய சொற்கள் கோத்தியர்களுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஓதுதலில் குரல் இருக்கிறது. வாசித்தலும் பேச்சைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். அதனால்தான் நாகஸ்வரத்தையும் நாளிதழையும் ஒரே வினையால் வாசிக்கிறோம். ஒவ்வொரு சமூகமும் எழுத்தை முதன்முதலில் எதிர்கொண்டபோது தனக்கு ஏற்கெனவே பழக்கமான ஏதோ ஒரு செயலோடு அதை ஒப்பிட்டுக்கொண்டது என்று தோன்றுகிறது. சிலருக்கு அது அறுவடை, சிலருக்குப் பாட்டு. ஆங்கிலேயருக்குப் புதிர்.

இன்னொரு சுவையான செய்தி. வேரை இன்னும் ஆழத் தோண்டினால், நிறைவேற்றுதல், வெற்றி காணுதல் என்ற பொருளுடைய 'ராத்' என்ற சமஸ்கிருத வேரோடு அகராதிகள் இதற்கு உறவு காண்கின்றன. 'ஆராதனை' அந்த வேரில் பிறந்தது. குறி தவறுதல் என்ற பொருளில் கிளைத்த 'அபராத'மும் அங்கிருந்து வந்ததுதான். நூலகத்தில் தவணை தாண்டிய புத்தகத்துக்கு அபராதம் கட்டும்போது, அந்தச் சொல்லும் வாசிப்பும் தூரத்துப் பங்காளிகள் என்று நினைத்துச் சற்று ஆறுதல் அடையலாம்.

*

ஏன் புதிர்? அறிஞர்கள் சொல்லும் காரணம் ரூனிக் எழுத்து. லத்தீன் எழுத்துகள் வருமுன் ஜெர்மானியக் குடிகள் மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் கோடுகளாகக் கீறிய எழுத்து அது. 'ரூன்' என்ற சொல்லுக்கே மறைபொருள், இரகசியம் என்று பொருள் உண்டு. இரகசியத்தை யாரும் 'பொறுக்கிச் சேர்ப்பதில்லை', அவிழ்க்கத்தான் வேண்டும். பழைய நார்ஸ் மொழியிலும் இந்த வினையின் உடன்பிறப்பே ரூனைப் படித்தலைக் குறித்தது. ஆனால் ஸ்காண்டிநேவியர்கள் பிறகு புத்தகம் படிப்பதற்குப் 'பொறுக்கும்' சொல்லுக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் மாறவில்லை.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்பால் செய்த ஒரு சிறு பேழை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 1867இல் அதைக் கொடையளித்த அகஸ்டஸ் ஃப்ராங்ஸின் பெயரால் ஃப்ராங்ஸ் பேழை என்று அழைக்கிறார்கள். அதன் முகப்பில் சிற்பங்களைச் சுற்றி ரூன் எழுத்துகள் ஓடுகின்றன. மேல் விளிம்பில் இடமிருந்து வலமாகப் போகும் எழுத்து, அடி விளிம்பில் திரும்பி வலமிருந்து இடமாக வருகிறது. வலப் பக்கப் பலகையில் உயிரெழுத்துகளுக்குப் பதிலாக இரகசியக் குறிகளே பொறிக்கப்பட்டிருக்கின்றன. முகப்பில் இருப்பது என்ன செய்தி? அதுவும் ஒரு விடுகதை. கரையொதுங்கிய ஒரு பெரிய உயிரைப் பற்றிச் சொல்லி, முடிவில் திமிங்கில எலும்பு என்று விடையும் தருகிறது. பேழை தான் எதனால் செய்யப்பட்டேன் என்று தன்னைப் பற்றியே புதிர் போடுகிறது. இப்படிப்பட்ட ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், தான் செய்துகொண்டிருந்ததற்கு 'ரேடன்' என்ற சொல்லைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

ஆங்கிலத்தில் விடுகதையைக் குறிக்கும் 'ரிடில்' என்ற சொல்லும் இந்த வினையின் குழந்தைதான். 'ரேடெல்ஸ்' என்று ஸகரத்தில் முடிந்துகொண்டிருந்தது. அந்த ஸகரத்தைப் பன்மை விகுதி என்று தவறாக எண்ணிப் பிற்காலத்தவர் கழற்றிவிட்டார்கள். தாயையும் பிள்ளையையும் இன்று பக்கத்தில் நிறுத்தினால் முகஜாடையே தெரியாது.

*

இந்தச் சொல்லின் வரலாற்றில் இரண்டு அரசர்கள் வருகிறார்கள். இருவர் பெயரிலும் சொல்லே இருக்கிறது.

முதலாமவர் ஆல்ஃப்ரெட். பெயரின் பொருள் 'வனதேவதையின் ஆலோசனை'. 871இல் வெஸ்ஸெக்ஸின் அரியணை ஏறினார். வைக்கிங் படையெடுப்புகளால் மடங்களும் நூல்களும் எரிந்துபோயிருந்த காலம். போப் கிரெகரியின் நூலொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து அதற்கு அவர் எழுதிய முன்னுரை புகழ்பெற்றது. தாம் பட்டமேற்றபோது தேம்ஸ் நதிக்குத் தெற்கே லத்தீன் கடிதமொன்றை ஆங்கிலமாக்கத் தெரிந்த ஒருவர் கூட நினைவுக்கு வரவில்லை என்று அதில் வருந்துகிறார். வசதியுள்ள சுதந்திரக் குடிமக்களின் பிள்ளைகள் அனைவரும் ஆங்கில எழுத்தைப் படிக்கும் வரை வேறு வேலையில் ஈடுபடுத்தப்படக் கூடாது என்று திட்டம் சொல்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில், லத்தீன் அல்லாத ஒரு தாய்மொழியில், ஓர் அரசர் எழுதியது இது.

அவருடைய வரலாற்றை 893இல் எழுதிய அஸ்ஸர் என்ற வெல்ஷ் துறவி, அரசருக்கே பன்னிரண்டு வயது தாண்டும் வரை படிக்கத் தெரியாது என்கிறார். தாயார் அழகிய ஆங்கிலக் கவிதைப் புத்தகம் ஒன்றைக் காட்டி, முதலில் கற்றுக்கொள்பவனுக்கே இது என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். கடைசி மகன் அதை ஆசிரியரிடம் எடுத்துப்போய், கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பரிசைப் பெற்றுக்கொண்டான்.

அஸ்ஸர் தரும் இன்னொரு செய்தியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீதி வழங்கும் பதவியில் இருந்த பிரபுக்களும் அதிகாரிகளும் தவறான தீர்ப்புகள் வழங்கியபோது, ஆல்ஃப்ரெட் அவர்களை அழைத்து ஒன்று படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் பதவியை விடுங்கள் என்றாராம். நரைத்த தலைகள் எழுத்துக்கூட்டத் தொடங்கின. வயதாலோ மந்தத்தாலோ முடியாதவர்களுக்கு மகனோ உறவினரோ, யாரும் இல்லையென்றால் வீட்டு அடிமையோ இரவும் பகலும் படித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இளமையில் கற்கவில்லையே என்று அந்தக் கிழவர்கள் பெருமூச்சு விட்டார்கள் என்கிறார் அஸ்ஸர். அவர் லத்தீனில் எழுதியவர். ஆனால் அந்த அதிகாரிகள் பேசிய மொழியில் தீர்ப்பு ஆலோசிப்பதும் புத்தகம் படிப்பதும் ஒரே வினைச்சொல். அரசர் கேட்டது இரண்டு வேலைகளை அல்ல.

மேற்சொன்ன நூலின் பிரதியை ஒவ்வொரு ஆயருக்கும் அனுப்பியபோது, ஐம்பது பொற்காசு பெறுமானமுள்ள ஒரு பொருளையும் ஆல்ஃப்ரெட் உடன் அனுப்பினார். வரியைத் தொட்டுப் படிக்கும் சுட்டுகோல் அது என்று கருதுகிறார்கள். 1693இல் ஸாமர்ஸெட்டில் மண்ணிலிருந்து கிடைத்து இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆல்ஃப்ரெட் ஆபரணம், அத்தகைய கோலின் கைப்பிடியாக இருக்கலாம். தங்கமும் பளிங்கும் சேர்ந்த விரல் நீளப் பொருள். தன்னைச் செய்யச் சொன்னவர் ஆல்ஃப்ரெட் என்று அதன் விளிம்பெழுத்து அறிவிக்கிறது.

இரண்டாமவர் ஏதெல்ரெட். ஆல்ஃப்ரெட்டின் கொள்ளுப்பேரனுடைய மகன். பெயரின் பொருள் 'உயர்ந்த ஆலோசனை'. அண்ணன் கொலையுண்ட பின் 978இல் சிறுவனாக அரியணை ஏறினார். 991இல் மால்டன் போரில் தோற்றதும் டேனியர்களுக்குப் பத்தாயிரம் பவுண்டு வெள்ளி கொடுத்து அனுப்பினார்கள். வாங்கியவர்கள் திரும்ப வந்தார்கள். தொகை ஏறிக்கொண்டே போயிற்று. 1002 நவம்பர் 13 அன்று நாட்டிலுள்ள டேனியர்களைக் கொல்ல ஆணையிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் உயிருக்கு அஞ்சித் தேவாலயத்துக்குள் புகுந்தவர்களைத் தேவாலயத்தோடு எரித்தார்கள். 2008இல் அந்நகரின் கல்லூரி வளாகமொன்றில் தோண்டும்போது வெட்டுக்காயங்களுடன் முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. அந்தப் படுகொலையோடு அவற்றைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. 1013இல் டேனிய அரசன் ஸ்வெய்ன் நாட்டைப் பிடித்தான். நார்மண்டிக்கு ஓடிய ஏதெல்ரெட் மறு ஆண்டு திரும்பினார், 1016இல் இறந்தார்.

அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'உன்ரேட்'. எழுத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான் அகப்படுகிறது. ஆலோசனை அற்றவன், அல்லது கெட்ட ஆலோசனை கேட்டவன் என்று பொருள். உயர்ந்த ஆலோசனை என்ற பெயருடையவனுக்கு ஆலோசனையே இல்லை என்ற கசப்பான சிலேடை. காலப்போக்கில் 'ரேட்' என்ற பெயர்ச்சொல் வழக்கொழிந்தது. பொருள் தெரியாதவர்கள் அதை 'அன்ரெடி', அதாவது ஆயத்தமற்றவன், என்று ஆக்கிவிட்டார்கள். இன்றும் பாடநூல்களில் அவர் ஆயத்தமற்ற ஏதெல்ரெட்தான். படித்தலைப் பற்றிய ஒரு சிலேடை, தவறாகப் படிக்கப்பட்டே நிலைத்துவிட்டது.

*

ரேட் எப்படி வழக்கொழிந்தது? 1066இல் நார்மன்கள் வந்தார்கள். அரசவையும் நீதிமன்றமும் ஃப்ரெஞ்சு பேசத் தொடங்கின. ஆலோசனையைக் குறிக்கும் 'கவுன்ஸெல்', 'அட்வைஸ்' எல்லாம் அவர்களோடு வந்திறங்கிய சொற்கள். அதிகாரம் கைமாறியபோது அதிகாரத்துக்குரிய பொருள்களை நாட்டுச்சொல்லிடமிருந்து அவை பறித்துக்கொண்டன. அறிவுரை என்ற பொருளில் 'ரீட்' வேறோர் எழுத்துக்கூட்டலில் சிறிது காலம் தாக்குப்பிடித்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் கூட ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. பிறகு கவிஞர்கள் பழமை மணத்துக்காகத் தூவும் சொல்லாகிவிட்டது. வினைச்சொல்லின் கையில் மிஞ்சியது எழுத்தும், கொஞ்சம் புதிரும்.

எங்கள் வகுப்பறைக் குழப்பமும் இந்த இடைக்காலத்தின் கைங்கரியமே. இறந்தகால வடிவத்தில் டகரம் இரட்டித்ததால் அதன் முன்னிருந்த உயிரொலி குறுகியது. நிகழ்கால வடிவத்தின் நெட்டுயிர் அடுத்த நூற்றாண்டுகளில் 'ஈ'யை நோக்கி நகர்ந்துவிட்டது. ஒலி பிரிந்த பிறகும் எழுத்து பிரியவில்லை.

பொருள் சுருங்கினாலும் இந்த வினையின்மேல் ஒரு மனிதனின் உயிர் தொங்கிய காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. குருமார்களை அரச நீதிமன்றம் தூக்கிலிட முடியாது என்பது பழைய சலுகை. படிக்கத் தெரிந்தவன் குருவாகத்தான் இருப்பான் என்ற ஊகத்தில், பதினான்காம் நூற்றாண்டு முதல் படிக்கத் தெரிந்த எவரும் இதைக் கோரலாம் என்றாயிற்று. குற்றவாளியின் கையில் லத்தீன் பைபிளைக் கொடுப்பார்கள். வழக்கமாகச் சங்கீதம் 51இன் முதல் வசனம். தடங்கலின்றிப் படித்தால் கழுத்து தப்பும். அதனால் அந்த வரிகளுக்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர். 1489க்குப் பிறகு சாமானியர்களுக்கு ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை. அடையாளமாகக் கட்டைவிரலில் சூடு போடுவார்கள். 1598இல் கேப்ரியல் ஸ்பென்ஸர் என்ற நடிகரை வாட்போரில் கொன்ற நாடகாசிரியர் பென் ஜான்ஸன் இப்படித்தான் தப்பினார். குருவைப் போல் படித்தார் என்று நீதிமன்ற ஏடு லத்தீனில் பதிவு செய்திருக்கிறது. அவருடைய புகழ்பெற்ற நாடகங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டைவிரல் தழும்புக்குப் பிறகு எழுதப்பட்டவை.

படிக்கத் தெரியாத திருடர்கள் அந்த ஒரு வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். புத்தகத்தைப் பார்த்தபடி ஒப்பித்தால் எந்த நீதிபதிக்கு வித்தியாசம் தெரியும்? பெண்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆண்களுக்குச் சமமாக இச்சலுகை கிடைத்தது. 1706இல் படிப்புச் சோதனையை நீக்கினார்கள். 1827இல் சலுகையே ஒழிந்தது. படிப்புச் சோதனை இருந்தவரை ஒரே குற்றத்தைச் செய்த இருவரில் எழுத்து தெரியாதவன் மட்டும் தூக்குமரம் ஏறினான் என்பதை மறந்துவிட்டு வாசிப்பின் மேன்மையைப் பற்றி நாம் பேசிவிட முடியாது.

*

இழந்ததாக நினைத்த பழைய பொருள்கள் அடியோடு சாகவில்லை. கைரேகையையும் முகக்குறிப்பையும் உதட்டசைவையும் ஆங்கிலேயர் இந்த வினையால்தான் சொல்கிறார்கள். அங்கெல்லாம் எழுத்தே கிடையாது. ஊகமும் அவிழ்ப்புமே உண்டு. வானொலித் தொடர்பில் நான் சொல்வது விளங்குகிறதா என்று கேட்பதற்கும் இதுவே சொல். வெப்பமானி இத்தனை பாகை காட்டுகிறது என்பதற்கும் இதையே ஆள்கிறார்கள். படிக்கப்படும் பொருளே படிக்கும் பொருளாக இடம் மாறிக்கொள்கிறது.

ஆங்கிலேயர்களின் பழைய புதிர்களில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே நூலில் கிடைக்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்டு, 1072இல் இறந்த லியோஃப்ரிக் என்ற ஆயரால் எக்ஸெட்டர் தேவாலயத்துக்குக் கொடுக்கப்பட்ட ஏடு அது. அதில் ஒரு புதிரில், கொல்லப்பட்டு, நீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, கத்தியால் சுரண்டப்பட்டு, பறவையின் இறகு தன்மேல் தடம் பதிக்க, பொன் பூண்ட ஒன்று பேசுகிறது. விடை புத்தகம். எதன்மேல் எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே புதிர். இன்னொன்று ஆறே வரிகளில் ஏடு தின்னும் பூச்சியைப் பற்றியது. எத்தனையோ பேரறிஞர்களின் சொற்களை இருட்டில் விழுங்கியும் அந்தத் திருடனுக்கு அறிவு ஒரு துளியும் கூடவில்லை என்பது அதன் சாரம். பொறுக்கிச் சேர்த்தலாகவே வாசிப்பை எண்ணும் ஒரு மொழியில் அந்தப் பூச்சியும் வாசகன்தான், நிறையவே சேர்த்திருக்கிறது. 'ரேடன்' என்ற வினை உள்ள மொழியில் அது வாசகனாக முடியாது. ஏனெனில் விழுங்கியதை அது அவிழ்க்கவில்லை. அதனிடம் போய் யாரும் ஆலோசனையும் கேட்க முடியாது.

அடுக்கிவைத்த புத்தகங்களின் எண்ணிக்கையை எப்போதாவது மனத்துக்குள் பெருமையாகக் கணக்கிடும்போது எனக்கு இந்தப் பூச்சி நினைவுக்கு வந்து தொலைக்கிறது. கழுத்து வசனத்தை மனப்பாடம் செய்த திருடனை மன்னிக்கலாம். அவன் உயிருக்காகச் செய்தான். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

எக்ஸெட்டர் ஏட்டின் முதல் பக்கங்களில் கத்திக் கீறல்கள் இருக்கின்றன. யாரோ அதன்மேல் வைத்து எதையோ அறுத்திருக்கிறார்கள். கடைசித் தாள்களில் தீக்கொள்ளி பட்ட துளை. எழுத்தும் மொழியும் மறந்துபோன தலைமுறைகளுக்கு அது ஒரு கனமான பலகையாக இருந்திருக்க வேண்டும். 1842இல் பெஞ்சமின் தோர்ப் அதை அச்சிட்டு ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். 2016இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. புதிர்களுக்கு ஏட்டில் விடை எழுதப்படவில்லை. பெரும்பாலானவற்றை அறிஞர்கள் அவிழ்த்துவிட்டார்கள். சிலவற்றுக்கு மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை இன்னும் இல்லை. முன்னே பின்னே பார்த்து ஊகித்துக்கொண்டே இருக்கிறார்கள்.